வேலி தாண்டிப் போன அழகுச்செடி: விட்டுவிடலாமா, அடக்கி வைக்கலாமா, வேரோடு எடுக்கலாமா?

காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஆசையாக வாங்கி நட்ட செடி, வேலிக்கு அந்தப் பக்கம் மர நிழலில், யாரும் நடாமலே நாலைந்து நாற்றாக நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். உடனே இரண்டு விதமான அறிவுரை வரும். ஒருவர் "இயற்கைதானே, அது பாட்டுக்கு வளரட்டும்" என்பார். இன்னொருவர் "அந்நியச் செடி, இன்றைக்கே பிடுங்கி எறி" என்பார். இரண்டு பேருமே செடியின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு விஷயம் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது. ஒன்று, செடி எப்படி வேலி தாண்டியது: பறவையின் வயிற்றிலா, காற்றிலா, மண்ணுக்கடியில் ஓடும் தண்டாலா, நாமே கொண்டுபோய்க் கொட்டிய தோட்டக் குப்பையிலா. இன்னொன்று, அந்த இடத்துக்கு இன்னும் எத்தனை வருடம் நம்மால் திரும்பத் திரும்பப் போக முடியும். எந்தக் கருவி, எந்த மருந்து, எந்த ரகம் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

சும்மா விட்டால் என்ன?

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து தப்பும் செடிகளில் பெரும்பாலானவை காட்டை ஒன்றும் செய்வதில்லை. பிரிட்டனில் குளிர்காலக் கடைசியில் காட்டுத் தரையெல்லாம் வெள்ளையாகப் பூக்கும் ஸ்னோடிராப் அந்த மண்ணின் செடியே இல்லை. தோட்டத்துக்கு வந்த செடி. காட்டில் தானாக வளர்வதாக 1770-களில்தான் முதலில் பதிவானது. இன்று அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் போகிறது. மரங்கள் இலை விடுவதற்குள் பூத்து முடித்துக் கிழங்காக மண்ணுக்குள் அடங்கிவிடும் செடி அது. யாருடைய வெளிச்சத்தையும் பறிப்பதில்லை.

சூழலியலாளர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. புதிதாகக் கொண்டுவரப்படும் செடிகளில் பத்தில் ஒன்று வெளியே தலைகாட்டும். அதில் பத்தில் ஒன்று நிலையாக வேரூன்றும். அதிலும் பத்தில் ஒன்றுதான் தொல்லையாகும். விதிவிலக்குகள் நிறைய உள்ள கணக்குதான். ஆனாலும் தப்பிய ஒவ்வொரு செடிக்கும் பதற வேண்டாம் என்பதற்கு இது போதும்.

அப்படியானால் விட்டுவிடலாமா என்றால், காலம் என்று ஒன்று குறுக்கே நிற்கிறது. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதிக்கு வெளியிலிருந்து வந்த மர, புதர் வகைகளை இங்கோ கோவாரிக் என்ற சூழலியலாளர் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார். ஒரு வகை முதன்முதலில் நடப்பட்டதற்கும் தானாகப் பரவத் தொடங்கியதற்கும் இடையே சராசரியாக 147 வருடம் போயிருந்தது. புதர்களுக்கு 131, மரங்களுக்கு 170. கொள்ளுத்தாத்தா நட்ட மரம் இத்தனை காலம் சாதுவாக நின்றது என்பது அது இனிமேலும் சாதுவாகவே நிற்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. வெப்பமண்டலத்தில் இந்த அவகாசமும் கிடையாது. ஹவாயில் சோதனைக்காக நட்ட செடிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, மர வகைகளுக்குச் சராசரியாக 14 வருடமும் சிறு செடிகளுக்கு 5 வருடமுமே ஆகியிருந்தது.

சரி, எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எப்படித் தெரியும்? காட்டுக்குள் போன செடிகளில் பெரிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கடியில் குனிந்து தரையைப் பாருங்கள். அந்தக் காட்டின் மரக்கன்றுகள், புல், பாசி, பெரணி எல்லாம் வழக்கம்போல இருந்தால் அவசரமில்லை. வெறும் சருகும், அதே செடியின் குட்டிகளும் மட்டுமே இருந்தால் அவசரம். டஹிட்டித் தீவில் நடந்தது இந்த இரண்டாவது வகை. மிக்கோனியா என்ற மரத்தை, இலையின் அழகுக்காக 1937-இல் அங்கே ஒரு தாவரத் தோட்டத்தில் நட்டார்கள். மேலே கரும்பச்சையும் அடியில் ஊதாவுமாக, முக்கால் மீட்டர் வரைகூட நீளும் இலை. அந்த இலைகள் கூரை போட்ட மாதிரி மூடிக்கொண்டதில் கீழே எதுவும் வளரவில்லை. இன்று தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் மிக்கோனியா நிற்கிறது.

ஆக, சும்மா விடுவது என்பதை 'சும்மா பார்த்துக்கொண்டிருப்பது' என்று மாற்றிக்கொண்டால் நல்ல வழிதான். வருடத்துக்கு ஒரு முறை அதே இடத்தில், அதே கோணத்தில் ஒரு போட்டோ. அவ்வளவு போதும்.

இழுத்துப் பார்த்தால் தெரியும்

செடி எப்படி வந்தது என்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, வேலிக்கு வெளியே நிற்கும் சிறு நாற்று ஒன்றை அடியில் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒற்றை ஆணிவேரோடு, சில சமயம் விதையிலைகள்கூட உதிராமல் தனியாக வந்தால், அது விதையில் முளைத்தது. வராமல் பக்கவாட்டில் மண் விரிசல் விட்டுக்கொண்டே போனால், அடியில் தண்டோ வேரோ ஓடுகிறது. அந்த விரிசல் வேலியை நோக்கிப் போனால் அதன் தாய் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பாய் போலச் சுருட்டிக்கொண்டு வந்தால், அது துண்டுகளிலிருந்து வந்தது. யாரோ வாரிக் கொட்டிய குப்பையிலிருந்தாகவும் இருக்கலாம்.

நாற்றுகள் நிற்கும் இடமும் பேசும். பெரிய மரத்தின் கிளைக்கு நேர் கீழே கொத்தாக நின்றால், பறவை உட்கார்ந்து எச்சமிட்ட இடம். வெட்டவெளியிலும் மண் புரண்ட இடத்திலும் பரவலாக நின்றால் காற்று. வேலியை ஒட்டி ஒரே ஒரு குவியலாக நின்றால், நாம்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி. இனி தோட்டத்துக்குள் இருக்கும் தாய்ச்செடியை என்ன செய்வது என்று பார்க்கலாம்.

வைத்துக்கொண்டே காவல் காப்பது

பூவைப் பார்த்துவிட்டு, காய் பிடிப்பதற்குள் பூக்காம்பை நறுக்கிவிடுவது. கேட்கச் சுலபமாக இருக்கும். சில செடிகளுக்கு உண்மையிலேயே சுலபம்தான். பட்லேயா, அதாவது பட்டாம்பூச்சிப் புதர், கிளை நுனியில் நீளக் கதிராகப் பூக்கும். விதை காற்றில் பறக்கும் தூசி. கைக்கெட்டும் உயரத்தில் கவாத்து செய்து வைத்திருந்தால், வாடிய கதிர்களை வாரம் ஒரு முறை நறுக்கி எடுத்துவிடலாம். வேலியாக வைக்கும் லிகஸ்ட்ரம் இன்னும் சுலபம். நெருக்கமாக வெட்டிக்கொண்டே இருந்தால் பூப்பதே அபூர்வம். வெட்டாமல் விட்ட லிகஸ்ட்ரம்தான் அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் அடர்ந்து கிடக்கிறது.

ஐவி கொடியில் ஒரு வினோதம் உண்டு. தரையில் படரும் வரை அது பூக்காது. மரத்திலோ சுவரிலோ ஏறி வெளிச்சத்தைத் தொட்ட பிறகுதான் இலையின் வடிவம் மாறி, மடல்கள் மறைந்து, பூவும் காயும் வரும். அதன் பிறகு பறவைகள் எடுத்துக்கொண்டு போகும். எனவே மேலே ஏற விடாமல் தரையில் மட்டும் வைத்திருந்தால் விதை பற்றிய கவலை இல்லை. தரையில் அதுவே ஊர்ந்து வேலி தாண்டும் என்பது வேறு கவலை.

உண்ணிச்செடிக்கு (லாண்டானா) இந்த வழி சரிப்படாது. சூடான இடங்களில் வருடம் முழுக்கப் பூக்கும். ஒரே கொத்தில் பூவும் பச்சைக் காயும் கறுத்த பழமும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் ஒரு பக்கம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் புல்புல் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கும். ரோடோடெண்ட்ரான் பான்டிகம் என்ற பூப்புதரும் அப்படித்தான், காரணம் மட்டும் வேறு. வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கிறது என்றாலும் புதர் வீட்டுக் கூரை உயரத்துக்கு வளரும். ஒரு பூங்கொத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் விதை. பெரிய புதர் ஒன்று வருடத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். ஏணி போட்டு நறுக்குகிறேன் என்பவரைத் தடுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வருடம் ஏணியைப் பார்த்தாலே அவருக்கு அலுப்பு வரும்.

இந்த வழியில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் வேறு. காவல் காப்பது மனிதரின் வாக்குறுதி. மரமும் புதரும் மனிதரைவிட அதிக நாள் இருக்கும். வீடு கைமாறும், ஆள் ஊர் மாறுவார், முட்டி வலிக்கும். விதை விழ அந்த ஒரு வருடம் போதும். எனவே ஆண்டுக்கு ஒரு முறை பூத்து, கைக்கெட்டும் உயரத்தில் நின்று, காய் முற்ற நாளெடுக்கும் செடிக்கு மட்டும் இந்த வழி. மற்றவற்றுக்கு வேண்டாம்.

மலட்டு ரகம்: நம்புவதற்கு முன்

நர்சரிகளில் இப்போது அதிகம் கேட்கும் சொல் இது. "இது விதை விடாத ரகம், பயப்படாமல் வையுங்கள்." நல்ல யோசனைதான். ஆனால் இதன் பழைய வரலாற்றைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

காலரி பேரியை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவைச் சேர்ந்த இந்த மரத்தின் 'பிராட்ஃபோர்டு' என்ற ரகத்தை அமெரிக்க வேளாண் துறை 1963-இல் வெளியிட்டது. வசந்தத்தில் மரம் முழுக்க வெள்ளைப் பூ. தன் மகரந்தத்தால் தானே காய்க்காத இனம் இது. எல்லா பிராட்ஃபோர்டும் ஒட்டுக்கட்டிய ஒரே மரத்தின் நகல் என்பதால் ஒன்றோடு ஒன்றும் காய்க்கவில்லை. தெருவுக்குத் தெரு நட்டார்கள். பிறகு, பிராட்ஃபோர்டின் கிளைகள் காற்றில் பிளக்கின்றன என்று புதுப்புது ரகங்கள் சந்தைக்கு வந்தன. அவை ஒவ்வொன்றும் வேறு மரத்தின் நகல். தேனீக்கள் இங்கிருந்து அங்கே போயின. காய்த்தது. பறவைகள் கொண்டுபோய்ப் போட்ட விதையிலிருந்து காட்டோரங்களிலும் வயல்களிலும் முள்ளோடு பேரி மரங்கள் எழும்பின. ஒஹையோ மாநிலம் 2023 ஜனவரியிலிருந்து அதன் விற்பனைக்குத் தடை போட்டது. அந்த ரகம் தனியாக இருந்தவரைதான் அது மலடு. பக்கத்து வீட்டுக்காரர் எதை நடுகிறார் என்பதைப் பொறுத்தது மீதி.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. விதையே இல்லாமல் பரவும் செடிக்கு மலட்டுத்தன்மை ஒரு தடையே இல்லை. ஜப்பான் நாட்வீடு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அழகுச்செடியாக வந்தது. பிரிட்டனில் இருப்பது ஒரே பெண் செடியின் நகல்கள். தன் இனத்தின் ஆண் துணை அங்கே கிடையாது. இருந்தும் நாடு முழுக்கப் பரவியது. வேர்த்தண்டின் ஒரு கிராமுக்கும் குறைந்த துண்டு போதும், புதுச் செடி கிளம்பிவிடும். நிழலில் தரையை மூடுவதற்கு வைக்கும் டிரேடஸ்கான்ஷியா ஃப்ளூமினென்சிஸ் நியூசிலாந்தில் விதை விடுவதில்லை. அங்கே காட்டுத் தரையை முழங்கால் உயரத்துக்கு மூடி, மரக்கன்றுகள் முளைக்க விடாமல் செய்வது அதே செடிதான். தண்டு ஒடிந்து விழும் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.

எனவே மலட்டு ரகம் வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. விதை மட்டும் இல்லையா, மகரந்தமும் வீரியமற்றதா? மகரந்தம் வீரியமாக இருந்தால் அருகில் காட்டில் நிற்கும் உறவுச் செடியைக் காய்க்க வைக்கும். தண்டாலோ வேராலோ பரவுமா? சோதித்துச் சொன்னது யார், விற்பவரா வேறு யாராவதா? ஃபுளோரிடா பல்கலைக்கழகம் மகரந்தம், விதை இரண்டிலும் சோதித்த பிறகே உண்ணிச்செடியின் சில ரகங்களை ஏற்றுக்கொண்டது. ஓரிகான் மாநிலம் பட்லேயாவில், முளைக்கும் விதை 2 சதவீதத்துக்குக் குறைவான ரகங்களை மட்டும் விற்க விட்டிருக்கிறது. இந்த மாதிரி அளவுகோல் பின்னால் இருந்தால் வாங்கலாம். அட்டையில் அச்சடித்த உறுதிமொழி மட்டும் என்றால், வேண்டாம்.

அப்புறம் ஒன்று: ஏற்கெனவே காட்டுக்குள் போய்விட்ட செடிக்கு மலட்டு ரகம் மருந்தாகாது. வாசல் கதவைச் சாத்துவதற்குத்தான் அது உதவும்.

தாய்ச்செடியை எடுத்துவிடுவது

பறவை தின்னும் பழமும் நிழல் தாங்கும் குணமும் ஒரே செடியில் சேர்ந்திருந்தால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். காட்டுக்குள் போகத் தேவையான இரண்டும் அதனிடம் இருக்கிறது. காற்றில் விதை விடும் செடிகள் பெரும்பாலும் திறந்த இடத்தையும் கிளறிய மண்ணையும் தேடும்; மூடிய காடு ஓரளவு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். நிழல் தாங்கும் செடிக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. நார்வே மேப்பிள் 1756-இல் அமெரிக்காவுக்கு வந்தது. மற்ற மரங்கள் இலை உதிர்த்த பிறகும் தான் மட்டும் இலையோடு நின்று, தனக்கடியில் தன் கன்றையே அதிகம் வளர்த்துக்கொள்கிறது. அதன் விதை காற்றில் போவதுதான் என்றாலும் நிழல் அதை நிறுத்தவில்லை.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது? அந்தக் காட்டிலேயே இருக்கும் வகை ஒன்றை வைத்தால் கவலையே இல்லை. நிறத்துக்காகத்தான் வைத்திருந்தீர்கள் என்றால் வெளியூர்ச் செடியையும் வைக்கலாம். உங்கள் தட்பவெப்பம் உள்ள வேறு நாட்டில் அது பரவியிருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். ஒரு செடி பரவுமா என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை அதைவிட நம்பகமான அடையாளம் குறைவு. இன்னொரு அடையாளம், அது எவ்வளவு அதிகமாக விற்கிறது என்பது. எல்லா வீட்டிலும் இருக்கும் செடி தப்புவதற்கான சந்தர்ப்பமும் அதிகம். 1997-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், காட்டுக்குள் பரவிய 235 மர, புதர் வகைகளில் 82 சதவீதம் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவை.

ஏற்கெனவே காட்டில் இருப்பதை என்ன செய்வது?

முதலில், காடு யாருடையது என்று பாருங்கள். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் நல்ல எண்ணத்தோடு போனாலும் அனுமதியில்லாமல் செடியைப் பிடுங்குவது பல நாடுகளில் குற்றம். உரியவரிடம் சொல்லிவிட்டு இறங்குவது நல்லது.

நாற்றாக இருக்கும்போது கையால் பிடுங்குவதற்கு இணையான வழி எதுவும் இல்லை. மண் ஈரமாக இருக்க வேண்டும், பிடுங்கிய குழியைக் காலால் அழுத்திச் சருகால் மூடிவிட வேண்டும். கிளறிய மண்ணில் அடுத்து முளைப்பது பெரும்பாலும் அதே செடியின் விதைதான். வேர்த்தண்டுச் செடியில் பிடுங்குவது அரைகுறையாகப் போனால் முன்பைவிட மோசம். இமயமலையைச் சேர்ந்த காஹிலி இஞ்சி, பூவின் மணத்துக்காக உலகம் சுற்றி, ஹவாய், அசோர்ஸ், நியூசிலாந்துக் காடுகளில் கிழங்கு மேல் கிழங்காக மெத்தை போட்டுக் கிடக்கிறது. ஒடித்துப் போட்ட கிழங்கெல்லாம் துளிர்க்கும்.

பெரிய புதருக்கு வருவோம். வெட்டினால் தீர்ந்தது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் வீண் வேலை. முதுமலை, வயநாடு காடுகளில் அழகுக்கும் நிழலுக்கும் வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தை வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கிறது. உண்ணிச்செடியும் அப்படியே. 1809-இல் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்த செடி அது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி இந்தியப் புலிக்காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் பரவியிருக்கிறது. இருநூறு வருடமாக வெட்டிக்கொண்டும் எரித்துக்கொண்டும்தான் இருக்கிறார்கள்.

இதில் டெல்லி பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபுவும் அவரோடு இருந்தவர்களும் பரிந்துரைத்த முறை எனக்குப் பிடித்தது. உண்ணிச்செடியின் தண்டும் வேரும் சேரும் இடத்தைக் கைவிரலால் மண்ணை விலக்கிப் பார்த்தால், கொஞ்சம் தடித்த முண்டு ஒன்று தெரியும். துளிர்ப்பதெல்லாம் அந்த முண்டிலிருந்துதான். அதற்குக் கீழே இருக்கும் வேர் துளிர்ப்பதில்லை. எனவே புதரைத் தோண்டி எடுக்க வேண்டாம், தரைமட்டத்தில் வெட்டவும் வேண்டாம். மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே, முண்டுக்கு அடியில் வேரை மண்வெட்டியால் ஒரே வெட்டு. பிறகு புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும், முண்டு மண்ணைத் தொடக் கூடாது. மண்ணும் அதிகம் கிளறப்படுவதில்லை. காய்க்கும் காலத்துக்கு முன்னால் செய்தால் விதையும் கொட்டாது.

களைக்கொல்லி விஷயத்தில் ஒரு பக்கமும் கட்சி கட்ட மாட்டேன். காட்டில் தெளிப்பது என்றால் கூடாது. பக்கத்தில் உள்ளதெல்லாம் சாகும். வெட்டிய அடிக்கட்டையின் வெட்டுமுகத்தில் உடனே, அது காய்வதற்குள், தூரிகையால் தடவுவது வேறு. மருந்து மிகக் குறைவு, போய்ச் சேருவது அந்த ஒரு செடிக்கு மட்டும். தோண்டினால் சரிந்துவிடும் சரிவுகளிலும், தோண்ட முடியாத பெரிய மரங்களுக்கும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நீரோடை ஓரமாக இருந்தால் வேண்டாம். பயன்படுத்தும் மருந்துக்கு அங்கே அனுமதி உண்டா என்று பார்ப்பதும் பயன்படுத்துபவரின் பொறுப்பு.

மரத்தில் ஏறிய ஐவிக்கு இந்தக் குழப்பம் எதுவுமில்லை. இடுப்பளவில் ஒரு வெட்டு, தரையருகே ஒரு வெட்டு, மரத்தைச் சுற்றி எல்லாக் கொடியிலும். நடுவில் உள்ள துண்டை எடுத்துவிடுங்கள். மேலே இருப்பது தானாகக் காய்ந்துவிடும். அதை இழுத்தால் மரப்பட்டையும் சேர்ந்து வரும், விட்டுவிடுங்கள்.

பூச்சியையோ பூஞ்சையையோ விட்டுக் கட்டுப்படுத்துவது தனி மனிதர் எடுக்கும் முடிவே அல்ல, அரசும் ஆய்வு நிலையங்களும் வருடக்கணக்கில் சோதித்துச் செய்வது. பலித்தால் பிரமாதம். ஆஸ்திரேலியாவில் பூச்செண்டுகளில் வைக்கும் தழைக்காக வளர்த்துத் தப்பிய பிரைடல் கிரீப்பர் கொடியை, 2000-இல் விடப்பட்ட ஒரு துருப் பூஞ்சை பல இடங்களில் அடக்கிவிட்டது. டஹிட்டியில் அதே வருடம் மிக்கோனியாவுக்கு விடப்பட்ட பூஞ்சை மரத்தைக் கொல்லவில்லை, இலையைக் குறைத்தது. வெளிச்சம் இறங்கியதும் உள்ளூர்ச் செடிகள் முளைத்தன. ஆனால் உண்ணிச்செடிக்கு 1902-இல் ஹவாயில் தொடங்கி உலகெங்கும் நாற்பது வகைப் பூச்சிகள் வரை விட்டுப் பார்த்தாயிற்று. பாதிதான் பலன். உகாண்டாவில் விட்ட ஒரு பூச்சி கொஞ்ச நாள் எள் பயிரையும் ஒரு கை பார்த்தது. உங்கள் பகுதியில் இப்படி ஏதாவது அதிகாரபூர்வமாக விட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். விட்டிருந்தால் அந்த இடத்தில் மருந்து அடிக்காதீர்கள், அவ்வளவே உங்கள் பங்கு.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

அடர்ந்து கிடக்கும் இடத்தைப் பார்த்தால் கை அங்கேதான் போகும். அது தவறான பக்கம். சிட்னியில் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960-களில் தங்கள் வீட்டருகே இருந்த காட்டில் இதைத் தலைகீழாகச் செய்து காட்டினார்கள். காடு நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் களையை எடுத்துக்கொண்டே மோசமான பக்கத்தை நோக்கி மெல்ல நகர்வது. மண்ணைக் கிளறாமல் இருப்பது. எடுத்த இடத்தில் உள்ளூர்ச் செடி முளைத்து நிரம்பும் வேகத்துக்கு மேல் அடுத்த இடத்துக்குப் போகாமல் இருப்பது.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் மாறாதது போலத் தெரியும், பொறுமை வேண்டும். ஆனால் பரவும் செடியின் கணக்கில் பெரிய குவியலைவிடத் தள்ளித் தள்ளி நிற்கும் ஒற்றைச் செடிகள்தான் ஆபத்து. ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு புதுக் குவியலின் நடுப்புள்ளி. குவியல் ஓரத்தில்தான் வளரும், ஒற்றைச் செடிக்கோ எல்லாப் பக்கமும் ஓரம்.

எத்தனை வருடம் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் விதைதான் முடிவு செய்யும். ரோடோடெண்ட்ரானின் விதை மண்ணில் அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை. தாய்ப் புதரை எடுத்துவிட்டு, துளிர்களையும் நாற்றுகளையும் சில வருடம் கவனித்தால் ஓரளவு முடிந்துவிடும். மிக்கோனியா விதை 15 வருடத்துக்கு மேல் மண்ணில் காத்திருக்கும். அத்தனை வருடம் வர முடியாது என்று தெரிந்தால், பெரிய பரப்பைத் தொட்டுக் கெடுப்பதைவிடச் சின்ன மூலை ஒன்றைச் சுத்தமாக வைத்திருப்பது மேல். ஒரு வருடம் வெட்டித் திறந்துவிட்டு அடுத்த வருடம் வராமல் போனால், வெளிச்சம் கிடைத்த விதையெல்லாம் ஒரேயடியாக எழும்பிவிடும்.

என் வரிசை இதுதான். நிழலில் காய்க்கும், பறவை தின்னும் செடி: தாயையும் எடு, வெளியே போன ஒற்றைகளையும் எடு, தள்ளியிருப்பதிலிருந்து தொடங்கு. துண்டிலிருந்து முளைக்கும் தரைப்படர் செடி: தொட்டிக்கு மாற்று, தொட்டியை மண்மேல் வைக்காமல் கல்மேல் வை, முடியாவிட்டால் எடுத்துவிடு. காற்றில் விதை விடும், கைக்கெட்டும் செடி: காவல் காக்கலாம், வெளியூர் போகும் வருடம் பூப்பதற்கு முன்பே கவாத்து. கிழங்குப் பூச்செடி, அடியில் மற்றதெல்லாம் நன்றாக முளைக்கிறது: ஒரு போட்டோ எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பிடுங்கியதை என்ன செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழம் இல்லாத கிளைகளைக் கொப்புக்கு மேல் தொங்கவிட்டோ கல்மேல் பரப்பியோ காய வைத்தால் போதும். டிரேடஸ்கான்ஷியா மாதிரி தண்டுகளைக் கறுப்புப் பாலித்தீன் பையில் கட்டி, அழுகிக் கூழாகும் வரை வெயிலில் வையுங்கள். வெறும் மண்ணில் குவித்தால் ஒரே மழையில் வேர் பிடித்துவிடும். கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள். பழம் ஏறிய கொத்துகளை முதலில் பையில் நறுக்கி எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் புதரில் கை வையுங்கள்.